சிவப்புத் தண்ணீருக்குப் படைத்தோம்

குன்றின்மேல் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் கும்பலுக்குக் கொடுத்திருந்த வேலை. கூலாய் ரயிலடியிலிருந்து ஆறேழு மைல் உள்ளே போனால் வரும் ரப்பர்த் தோட்டம் அது. ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகக் கடலில் கல்லைக் கொட்டி ரோடு போட்டுக்கொண்டிருந்த சமயம். எங்கள் குன்றில் காட்டை வெட்டிக் கொளுத்தி, கன்று வைத்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. கன்று பெரிதாகிப் பால் கொடுக்கிற வரையில் மண்ணின் சத்தைப் புல் தின்றுவிடக் கூடாது என்று துரை சட்டம் போட்டிருந்தார். ஆகவே காலைப் பெரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுத்துவிட்டு, ஆண்களும் பெண்களுமாக முப்பது பேர் மண்வெட்டியோடு மேலே ஏறுவோம். ஆளுக்கொரு நிரை பிடித்துச் சுரண்டிக்கொண்டே இறங்குவோம். அடிவாரத்து ஓடைக்கு வந்து சேர ஒரு மாதம் பிடிக்கும். அதற்குள் உச்சியில் மறுபடி முளை விட்டிருக்கும். திரும்ப ஏறுவோம்.

லாலாங் புல்லுக்கு உயிர் வேரில் இருக்கிறது. விரல் அளவு வேரை விட்டுவைத்தாலும் பத்து நாளில் தலை தூக்கும். அதனால் மண்ணோடு சேர்த்துப் புரட்டி, வேரைப் பொறுக்கி, உதறிக் கூடையில் போடுவோம். உதறிய மண் மாவு மாதிரி அங்கேயே கிடக்கும். கங்காணியார் பின்னாலேயே கைத்தடியோடு வருவார். ஒரு கொத்துப் புல் தெரிந்துவிட்டால் போதும்.

"என்னடா இது, மலையைச் செரைக்கச் சொன்னா கிருதா வெச்சுட்டு வர்றே?" என்பார்.

என் நிரையில் அவர் அப்படிச் சொன்னது கிடையாது. "இவன் நிரையில எலை போடாம சோறு கொட்டித் திங்கலாம்" என்று மற்றவர்களுக்குக் காட்டுவார். எனக்கு அதில் பெருமை இருந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சாமி கும்பிடுவதும் சுத்தமாக வேலை செய்வதும்தான். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்டு ஒரு மாரியம்மனை வைத்திருந்தோம். பூசாரி கிடையாது. தினமும் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கற்பூரம் காட்டுகிறவன் நான். கோயில் வாசலை எப்படிக் கூட்டுவேனோ அப்படியே குன்றையும் சுரண்டினேன். வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தால் சிவப்பாக வழவழவென்று இருக்கும். அதைப் பார்த்து மனம் நிறைந்துபோய் நின்றிருக்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தை இல்லை. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மண்சோறு சாப்பிட்டு, எட்டாவது வருடம் ஒரு பெண் பிறந்தாள். இந்தக் கதை நடந்தபோது அவளுக்கு நான்கு வயது. வாய் ஓயாமல் பேசுவாள். நான் வேலைக்குப் போகும்போது என் தலைத்துண்டை ஒளித்துவைத்துவிட்டு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் போகமாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் நிற்பாள்.

லயம் முழுவதும் குடிப்பதும் குளிப்பதும் குன்றடி ஓடையில்தான். முழங்கால் ஆழம். அடியில் வெள்ளை மணல். குனிந்து பார்த்தால் ஊசி மாதிரி மீன் ஓடுவது தெரியும். அது தோட்டத்தைத் தாண்டிப் போய் ஒரு மலாய்க் கம்பத்துக்குள், அவர்கள் கிராமத்துக்குள், நுழையும். அங்கே ஏழெட்டு வீடும், ஓடைத் தண்ணீர் பாயும் கொஞ்சம் நெல் வயலும் இருந்தன.

ஓடைக்கரைப் புல்லை மட்டும் அதுவரை விட்டுவைத்திருந்தோம்; அதையும் எடுக்கச் சொல்லி உத்தரவு வந்து, ஒரு நாள் நான் அங்கே கடைசி நிரையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பத்து ஆள் ஒருவர் எதிர்க்கரையில் வந்து குந்தினார். என் வயதுதான் இருக்கும். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மலாயில் பேசினார். எனக்குப் புரிந்த அளவில் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"தம்பி, மேலே எல்லாத்தையும் எடுத்துட்டீங்க. இந்தக் கரைப் புல்லையாவது விட்டுவைங்க. மண்ணு நிக்கட்டும்."

"விட்டா துரை ஏசுவாரு, அபாங்" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னேன்.

"துரை இங்க வந்து எறங்கிப் பார்க்கிறாரா?"

"கங்காணி பார்ப்பாரு."

அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் முதுகு மறைவதற்குள் அந்தக் கரையை மழித்து முடித்தேன். மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது இதைச் சொன்னேன். "புல்லு கேட்டு வந்தாரா? மாடு வெச்சிருக்காரோ?" என்று ஒருவன் கேட்டான். "மாட்டைக் காணோமே" என்றேன். "அப்ப அவருக்கே வேணும்போல இருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அது ஆனி மாதம். மழை விட்டு விட்டுப் பெய்தது. ஓடை லேசாகக் கலங்கும், மறுநாள் தெளிந்துவிடும். ஆடி பதினேழாம் தேதி மத்தியானம் பிடித்த மழை மட்டும் வேறு மாதிரி. இரண்டு மணி நேரம் ஊற்றியது. குன்றின்மேல் நின்ற நாங்கள் கன்றுகளுக்கு அடியில் ஒண்டிக்கொண்டோம். காலடியில் மண் நழுவியது. நான் உதறிப்போட்ட மண் அத்தனையும் வாய்க்கால் வாய்க்காலாகக் கோடு கிழித்துக்கொண்டு கீழே இறங்குவதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நாங்கள் லயத்துக்கு வந்தபோது ஓடைக்கரையில் பெண்கள் கூடி நின்றார்கள். எங்கள் லயத்தில் எட்டுக் குடும்பம் குளித்தலைப் பக்கம், காவேரிக்கரைக்காரர்கள். பக்கத்து வீட்டுப் பெண் என் மனைவியைப் பார்த்துக் கை காட்டினாள்.

"அக்கா, வந்து பாருங்க. ஆறு வந்திருக்கு."

ஓடை கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. செம்மண்ணைக் கரைத்துவிட்ட மாதிரி நிறம். மேலே நுரை. ஊரில் ஆடி பிறந்தால் காவேரியில் புதுத்தண்ணீர் இப்படித்தான் சிவப்பாக வரும். பதினெட்டாம் பெருக்கன்று அதற்குத்தான் விளக்கேற்றிப் படைப்போம். அந்தத் தண்ணீரில் தாலிக்கயிறு மாற்றுவார்கள். அதைத் தலையில் தெளித்துக்கொண்டு, ஒரு வாய் குடித்தால் வீட்டில் எல்லாம் பெருகும் என்பது எங்கள் நம்பிக்கை. கடல் தாண்டி வந்து எத்தனையோ வருடம் ஆகியும் பெருக்கு என்று ஒன்று நாங்கள் கண்டதில்லை. சரியாகப் பதினெட்டுக்கு முந்தின நாள் இந்தத் தண்ணீர் வந்ததும் கிழவிகள் சிலர் அழுதே விட்டார்கள். அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். கற்பூரம் காட்டுகிறவன் நான்தானே.

"ஆத்தா நம்மளைத் தேடி வந்திருக்கா. நாளைக்குப் படைப்போம்" என்றேன்.

மறுநாள் காலையில் கங்காணியாரைக் கெஞ்சி அரை நாள் ஓய்வு வாங்கினோம். எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் ஆக்கினார்கள். செம்பருத்தியும் மஞ்சளும் குங்குமமும் வைத்து, வாழைப்பட்டையில் விளக்கேற்றி விட்டோம். விளக்கு ஆடிக்கொண்டே கம்பத்துப் பக்கம் போயிற்று. நான் கற்பூரம் காட்டிவிட்டு, செம்பில் தண்ணீர் மொண்டு, யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த தேற்றாங்கொட்டையைச் செம்பின் உள்பக்கம் இழைத்து மூடி வைத்தேன். சேற்றுத் தண்ணீரைத் தெளியவைக்க அந்தக் கொட்டையைத்தான் ஊரில் உரசுவார்கள். ஒரு நாழிகையில் மண் அடியில் இறங்கி, மேலே கண்ணாடி மாதிரித் தெளிந்துவிட்டது.

என் மனைவி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஐயா எந்தத் தண்ணியா இருந்தாலும் காய்ச்சித்தான் குடிக்கணும்னாரு. பெரியவங்க குடிங்க. பாப்பாவுக்கு மட்டும் ஒரு கொதி விட்டுக் குடுத்துடறேங்க."

"தீர்த்தத்தை யாராச்சும் காய்ச்சுவாங்களா? ஊர்ல உங்க ஆத்தா காய்ச்சியா குடுத்தாங்க?"

"அது எம்மாம் பெரிய ஆறு. இது தாண்டிக் குதிக்கிற ஓடைங்க."

"சாமில பெருசு சிறுசுன்னு இருக்கா? இத்தனை பேரு முன்னால அடுப்புல வெச்சா என்ன சொல்லுவாங்க?"

அவள் பின்னால் நகர்ந்து நின்றாள். மகள் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, அது என்ன தண்ணி?"

"காவேரி, ஆயி."

"காவேரி இனிக்குமா?"

"குடிச்சுப் பாரு."

முதல் வாய் அவளுக்குத்தான் கொடுத்தேன். உள்ளங்கையில் ஊற்றினேன், உறிஞ்சினாள். "மண்ணு" என்று நாக்கை நீட்டிக் காட்டினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்னொரு கை ஊற்றினேன். பிறகு எல்லோருக்கும் கொடுத்தேன்.

காவேரியில் சிவப்பு சில வாரத்தில் தெளிந்துவிடும். எங்கள் ஓடை தெளியவில்லை. தினமும் மழை, தினமும் சிவப்பு. வெள்ளை மணல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காலை வைத்தால் கெண்டைக்கால் வரை சேற்றில் இறங்கியது.

படைத்த மூன்றாம் நாளே மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். சாயங்காலத்துக்குள் சீதமும் ரத்தமுமாகப் போக ஆரம்பித்தது. அதே நாளில் லயத்தில் இன்னும் மூன்று குழந்தைகள் படுத்தன. தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது ஆறு கட்டில் போட்ட ஓலைக் கொட்டகை. டிரெஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். மருந்து கொடுத்துவிட்டு என்னை வெளியே கூட்டிப் போனார்.

"என்ன தண்ணி குடுத்தனீர் பிள்ளைக்கு?"

சொன்னேன். தெளியவைத்த தண்ணீர்தான் என்றும் சொன்னேன்.

"தெளிஞ்சா சுத்தமாகிடுமோ? சனம் எல்லாம் காலமை எங்கே ஒதுங்குது? அந்த மலையிலதானே. முந்தி புல்லும் பத்தையும் மறிச்சு நிண்டுது. இப்ப மறிக்க ஒண்டும் இல்லை. மேலே கிடக்கிறது எல்லாம் மழையோட ஓடைக்குள்ளதான் இறங்குது. மண்ணோட சேர்ந்து அதுவும்தான் வருது, ஐயா."

அவர் என் தோளில் கையை வைத்தார். "இனி ஓடைத் தண்ணி ஒரு சொட்டும் குடுக்காதேயும். நல்ல கிணத்துத் தண்ணி, அதையும் கொதிக்க வெச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துக்கொண்டே இருக்க வேணும். தண்ணிதான் பிள்ளையைப் பிடிச்சு வெக்கும்."

தோட்டத்தில் கிணறு துரை பங்களாவில்தான் இருந்தது. அங்கே எங்களை விடமாட்டார்கள். கம்பத்தில் ஒரு கிணறு உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். இரண்டு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கழியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஓடைக்கரையோடே நடந்தேன்.

கம்பத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். வயல் இருந்த இடம் ஒரே சிவப்புக் களமாகக் கிடந்தது. வரப்பைக் காணவில்லை. அங்கங்கே நெல் நுனி மட்டும் விரல் அளவு வெளியே தெரிந்தது. காய்ந்த இடத்தில் சேறு வெடித்து ஓடு ஓடாகப் பெயர்ந்திருந்தது. அந்த மண் எனக்குத் தெரிந்த மண். அன்று காலையிலும் என் கையில் ஒட்டியிருந்த மண்.

கிணறு அந்த ஆளின் வீட்டு வாசலில் இருந்தது, கரையில் வந்து குந்திப் பார்த்தாரே, அவர் வீடு. என்னை அடையாளம் தெரிந்துகொள்வாரோ என்று தலைத்துண்டை இறக்கிக்கொண்டேன்.

"குழந்தைக்குச் சொகமில்ல. குடிக்கத் தண்ணி வேணும்."

"எந்தத் தோட்டம்?"

சொன்னேன்.

"என்ன வேலை?"

"மரத்துல பால் வெட்டு" என்றேன். குன்றைச் சுரண்டுகிறவன் என்று சொன்னால் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிடுவார் என்று பயம். சாமி கும்பிடுகிற வாய் அப்படிக் கூசாமல் பொய் சொன்னது.

அவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். வாளியைத் தாமே கிணற்றில் விட்டு இறைத்து இரண்டு தகரத்தையும் நிரப்பினார். "நாளைக்கும் வா. கேக்க வேணாம், மொண்டுக்கிட்டுப் போ" என்றார்.

நான்கு நாள் காலையும் மாலையும் நடந்தேன். மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் கரி அடுப்பு வைத்துக் காய்ச்சி, ஆறவைத்து, துணியை நனைத்து உதட்டில் பிழிந்துகொண்டே இருந்தாள். இரண்டாம் நாள் மகள் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். கோயிலுக்கு ஓடிப்போய் விழுந்து கும்பிட்டேன். இந்தக் குழந்தையை விட்டுவிடு, என் கையை எடுத்துக்கொள் என்று வாய்விட்டுக் கேட்டேன். மூன்றாம் நாள் அவளுக்குக் குரல் போய்விட்டது. அவ்வளவு பேசுகிற குழந்தை, உதடு மட்டும் அசைந்தது. நான்காம் நாள் காலையில் நான் தகரத்தோடு திரும்பி வந்தபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தகரத்தைக் கீழே வைக்கவும் தோன்றாமல் தோளில் கழியோடு அப்படியே நின்றேன்.

படுத்த நான்கு குழந்தைகளில் இரண்டு பிழைத்தன. அந்த இரண்டும் அன்று என் கையால்தான் குடித்தவை. எதனால் அவை பிழைத்தன, எதனால் இவள் போனாள் என்று நான் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை.

சின்னக் குழந்தை என்பதால் எரிக்காமல் புதைத்தோம். ஓடைப் பக்கம் எனக்கு மனம் வரவில்லை. குன்றின் இடுப்பில் கொஞ்சம் சமமான இடமாகப் பார்த்துக் குழி எடுத்தோம். மண்ணைத் தள்ளி மூடியதும் கூட வந்தவர்களில் ஒருவர் வானத்தைப் பார்த்தார். "மழை வரும்போல இருக்கு. மேல ரெண்டு புல்லுப் பத்தை வெட்டி வெச்சு மூடிடுங்க. இல்லாட்டிக் கரைஞ்சுடும்" என்றார்.

சுற்றிப் பார்த்தேன். புல் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்து எல்லை வரை அரை மைல் நடந்து, காட்டோரத்தில் நாலு பத்தை வெட்டி, தலையில் வைத்துச் சுமந்து வந்தேன். அதற்குள் மழை பிடித்துவிட்டது. கூட வந்தவர்கள் சாக்கைப் பிரித்து மேட்டின்மேல் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றார்கள்.

அடுத்த மாதம் எங்கள் நிரை அந்த இடத்துக்கு இறங்கியது. அந்தப் புல் பிடித்துப் பச்சையாக இருந்தது. கங்காணியார் வந்து நின்று பார்த்தார். தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அதைச் சுற்றிக்கொண்டு போனார்.

வீட்டில் பேச்சு இல்லை. மனைவி ஆக்கினாள், வைத்தாள், படுத்தாள். ஏன் காய்ச்ச விடவில்லை என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கேட்கவில்லை. நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவளே தீப்பெட்டியையும் கற்பூரத்தையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"எப்படிப் புள்ள போவேன்? ஆத்தா வந்திருக்கான்னு சொல்லித்தானே அவளுக்குக் குடுத்தேன்" என்றேன்.

"ஆத்தா வரலைங்க. வந்தது மலையில இருந்த மண்ணு. அதை ஆத்தான்னு சொன்னது நாம. அதுக்கு அவ என்ன பண்ணுவா" என்றாள். தீப்பெட்டியை என் கையில் எடுத்து வைத்து, "போங்க. வாசல் கூட்டாம கெடக்கு" என்றாள்.

போனேன். இன்று வரை போகிறேன். நாங்கள் செய்த தப்பைச் சாமியின் தலையில் ஏற்றுவது அதைவிடப் பெரிய தப்பு என்று அவள் எனக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் "நாம" என்று அவள் சொன்னது என் மேல் உள்ள இரக்கத்தால். சொன்னவன் நான் ஒருவன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனேன். அந்த ஆள் வீட்டுப் படியில் உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தார். என் தோளில் கழியும் தகரமும் இல்லாததைப் பார்த்தார்.

"குழந்தை?"

"போயிடுச்சு."

அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்து அவர்கள் வழக்கப்படி ஏதோ வாய்க்குள் ஓதி, முகத்தைத் தடவிக்கொண்டார். நான் நின்றபடியே சொன்னேன்.

"அன்னைக்கு உங்ககிட்டப் பொய் சொன்னேன். நான் பால் வெட்டுறவன் இல்ல. அந்தக் குன்றைச் சொரண்டுறவன். உங்க வயல்ல கெடக்கிறது நான் தள்ளின மண்ணு."

"தெரியும். உங்க தோட்டத்துல எல்லாம் மூணு வருசத்துக் கன்னு. அதுல யாரு பால் வெட்டுறா?"

"தெரிஞ்சுமா தண்ணி குடுத்தீங்க?"

"நீ கேட்டது குழந்தைக்கு" என்றார். பிறகு கொஞ்சம் கடுமையாகவே கேட்டார். "இப்ப எதுக்கு வந்தே? மண்வெட்டி எதுக்கு?"

"வரப்பை எடுத்துத் தர்றேன்."

"ஒருத்தனாவா?"

நான் வயலில் இறங்கினேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். வரப்பு போன திசையைக் குச்சி நட்டுக் காட்டினார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகத் தோண்டினோம். முழங்கால் ஆழம் போனேன், வரப்பு தட்டவில்லை. இடம் தப்பிவிட்டதோ என்று அவர் குச்சியைப் பிடுங்கி நாலடி தள்ளி நட்டார். அங்கேயும் தோண்டினோம். வெட்டிப் போட்ட சேறு பக்கத்திலிருந்து சரிந்து குழிக்குள்ளேயே விழுந்தது. வயல் மண் கறுப்பாக இருக்கும் என்று சொன்னார். கறுப்பு தெரியும் என்று பார்த்துப் பார்த்து வெட்டினேன். தொடை அளவு இறங்கியும் மண் சிவப்பாகவே இருந்தது.

உச்சி வெயில் ஆனதும் அவர் கரையேறி நின்றார். "போதும், தம்பி. வீட்டுக்குப் போ. உன் மனைவி தனியா இருப்பாங்க" என்றார்.